மிச்ச டின்களில் கலக்கிய கறுப்பு

என் அக்காவின் கணவர் கறுப்பைத் தவிர வேறு நிறம் அடிக்கமாட்டார். பெயின்டர் என்று சொல்லிக்கொள்கிற எவராவது இப்படி இருப்பார்களா? இவர் இருந்தார். இரும்புக் கேட், ஜன்னல் கம்பி, பள்ளிக்கூடத்துக் கரும்பலகை, மாடிப்படிக் கைப்பிடி, பிறகு நாங்கள் இருவரும் வேலை பார்த்த நாடக அரங்கின் மேடைத் தரையும் பின்சுவரும். இவ்வளவுதான் அவருடைய தொழில். வீட்டுக்கு நல்லதாக ஒரு கலர் அடித்துத் தாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால், "கலர் பெயின்ட் வாசனை நமக்கு ஒத்துக்காதுங்க, தலை சுத்தும்" என்பார். கறுப்புப் பெயின்டுக்கும் அதே வாசனைதான் என்பது மூக்குள்ள எவருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம் தெரியும். கேட்டவர்களும் பாவம் மனுஷன் என்று விட்டுவிடுவார்கள்.

அரங்கில் அவருக்கு இருட்டு என்று பேர். எனக்கு லைட்டு. மேடை விளக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மதியம் இருவரும் அக்கா கொடுத்தனுப்பிய ஒரே அடுக்கு டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவோம். "இருட்டும் லைட்டும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற அதிசயத்தை இங்கதான் பாக்கலாம்" என்று டிக்கெட் கவுன்டர்க்காரர் தினமும் சொல்வார். தினமும் தானே சிரித்தும் கொள்வார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தீராத வழக்கு இருந்தது. என்னிடம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை விளக்குகள். மூன்றையும் மேடையில் ஒரே இடத்தில் விழவைத்தால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். முதல் தடவை நான் அதைச் செய்து காட்டியபோது அத்தான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூணு டின்னை ஒண்ணா ஊத்திக் கலக்கினா கறுப்பு வருது. நீ மூணு லைட்டைப் போட்டா வெள்ளை வருதுங்குற. யார் காதுல பூ சுத்துற?"

"நான் வெளிச்சத்தைச் சேர்க்குறேன் அத்தான். நீங்க கழிக்கிறீங்க."

"டின்னு டின்னா ஊத்துறேன். கழிக்கிறேங்குறியே, உனக்கு மண்டையில ஏதாவது அடிபட்டுச்சா?"

எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியாது. விளக்கு வியாபாரி ஒருவர் எனக்குச் சொன்னதை நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெயின்டும் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறதாம். சிவப்புப் பெயின்ட் பச்சையையும் நீலத்தையும் விழுங்கும், சிவப்பை மட்டும் விடும். பச்சைப் பெயின்ட் சிவப்பை விழுங்கும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் எல்லாமே விழுங்கப்பட்டுக் கண்ணுக்கு ஒன்றும் திரும்பி வராது. அப்படி ஒன்றும் வராமலிருப்பதைத்தான் கறுப்பு என்கிறோம். சொல்லும்போது எனக்கே பாதிதான் நம்பிக்கை. அத்தான் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் அடிக்கிறது ஒண்ணுமில்லாததைத்தானா? அதுக்கா முதுகு இப்படி வலிக்குது?" என்று கேட்டார்.

ஆனால் அந்த ஒன்றுமில்லாததை அவர் அடிக்கும் அழகைச் சொல்லியாக வேண்டும். மேடைக் கறுப்புக்குப் பளபளப்பு ஆகாது. பளபளத்தால் விளக்கு பட்டு மினுங்கி, சுவர் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் பூச்சு குறுக்கே, இரண்டாவது நெடுக்கே. காய்ந்துவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி நடந்து வருவார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத ஒரு விரல் அகல மினுக்கம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தை மறுபடி தேய்த்து மறுபடி அடிப்பார். கண் என்றால் இந்த ஆளுடைய கண்தான் கண் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டில் மட்டும் ஆள் வெகுளி என்பது என் முடிவு. பழம் வாங்க அனுப்பினால் காயோடு வருவார். அக்கா ஒரு வார்த்தை திட்டமாட்டாள், பைக்குள் பார்த்துவிட்டு அரிசிப் பானையில் பழுக்கப் போடுவாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கடைக்குப் போகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பெண்டாட்டி இவ்வளவு செல்லம் கொடுத்தால் எந்த ஆம்பிளை உருப்படுவான் என்று நான் முணுமுணுத்திருக்கிறேன், அவள் காதில் விழும்படியாகவே.

போன வருடம் அரங்குக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். அந்தம்மா எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார், ஆனால் நல்ல மனசு. இருபத்திரண்டு வருடமாக அத்தான் அங்கே தினக்கூலிதான் என்பது தெரிந்ததும் அதிர்ந்துபோனார். அரங்கப் பராமரிப்புக்கு ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதற்கு அத்தான் பேரை எழுதி அனுப்புவதாகச் சொல்லி ஒரு படிவத்தையும் காட்டினார். அத்தானுக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் இரண்டும் தகராறு. இன்னும் எத்தனை வருடம் ஏணி ஏற முடியும்? நிரந்தரமாகிவிட்டால் ஏற முடியாத வயதிலும் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வரும். அக்கா அன்றைக்கு அழுதாள். இவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கண் டெஸ்ட் உண்டாடா மச்சான்?"

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. கண்ணும் பார்ப்பாங்க. உங்களுக்கென்ன, கழுகுக் கண்ணு."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கண்ணாடி போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தீயணைப்பு அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். கிடங்கில் பாதியும் காலுமாக நின்ற பெயின்ட் டின்களைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிப் போனார். மேனேஜரம்மா அத்தானைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் புது நாடகம் வருகிறது, பின்சுவருக்குக் கறுப்பு அடிக்க வேண்டும்.

"எதுக்குப் புதுசா வாங்கணும்? எல்லாம் தண்ணி பெயின்ட்தானே? இருக்கிற மிச்சத்தையெல்லாம் ஒண்ணா கலந்துடுங்க. எல்லாக் கலரும் சேர்ந்தா கறுப்புதானே வரும்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அத்தான் முகம் சுண்டிவிட்டது. எப்போதும் சீல் பிரிக்காத டின்னில் வரும் கறுப்பைத்தான் வாங்குவார். அது புகைக்கரி போட்டுச் செய்கிற கறுப்பு, எதையும் கலக்க வேண்டியதில்லை. ஆனால் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடப்போகிற ஆளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? "சரிங்க மேடம்" என்றார்.

இரண்டு நாள் கிடங்கில் உட்கார்ந்து கலக்கினார். வெளியாட்கள் வந்து கதவுகளுக்கு அடித்துவிட்டுப் போன பச்சை கொஞ்சம், வரவேற்பறை நீலம் கொஞ்சம், அடியில் உறைந்த மஞ்சள், நாற்காலிச் சட்டங்களுக்கு அடித்துவிட்டு நிறைய மீந்துபோன சிவப்பு. நான் எட்டிப் பார்த்தபோது பெரிய வாளியில் கம்பை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். கிடங்கில் எரிந்தது ஒரே ஒரு பழைய டியூப்லைட், ஆளைப் பிணம் மாதிரிக் காட்டுகிற பச்சை வெளிச்சம். அதில் வாளிக்குள் இருந்தது நல்ல கறுப்பு. மேடையில் அடித்து முடித்த பிறகும் மேலே எரிந்த அதே மாதிரி இரண்டு டியூப்லைட்டுகளில் நல்ல கறுப்புதான். "பிரமாதம் அத்தான், புது டின்னுகூட இப்படி வராது" என்று நான் என் வாயால் சொன்னேன். அவருக்கு உயிர் வந்தது. என் தோளைத் தட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒத்திகை அன்று மதியம். இயக்குநர் ஒல்லியான மனிதர், எப்போதும் மேடைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசுவார். ஒரு காட்சியில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள், மேடை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். "சுவர் இருக்கிறதே தெரியக்கூடாது. அவங்க மட்டும். பின்னால ஒண்ணுமே இல்லை" என்றார். கறுப்புச் சுவர் எந்த வெளிச்சத்தையும் திருப்பித் தராது, ஆகவே இதெல்லாம் ஒரு வேலையே இல்லை என்று நான் எட்டுச் சிவப்பு விளக்குகளையும் ஏற்றினேன்.

சுவர் முழுக்க எரியும் அடுப்பாகிவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிவப்பு. நடித்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்த் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"யாருய்யா சுவருக்குச் சிவப்பு அடிச்சது?" என்று இயக்குநர் கத்தினார்.

சிவப்பை அணைத்துப் பச்சையைப் போட்டேன். சுவர் கறுப்பு. நீலத்தைப் போட்டேன். கறுப்பு. மறுபடி சிவப்பு. அடுப்பு. என் விளக்கில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். விளக்கில் கோளாறு என்றால் மற்ற இரண்டில் எப்படிக் கறுப்பாக இருக்கும்? பெயின்டில் கோளாறு என்றால் நானே கண்ணால் பார்த்துப் பிரமாதம் என்று சொன்னேனே?

சத்தம் கேட்டு அத்தான் பக்கவாட்டுத் திரையிலிருந்து வந்தார். எட்டு விளக்கும் முழு வேகத்தில் எரிகின்றன.

"என்ன ஆச்சு?"

"சுவரைப் பாருங்க அத்தான்!"

பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். "ஏன், கறுப்பாத்தானே இருக்கு?"

"விளையாடாதீங்க."

"நான் எங்கடா விளையாடுறேன்? உன் லைட்டுதான் சரியா எரியல. மங்கலா கெடக்கு. எட்டுல எத்தனை போச்சு?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அத்தனை பேர் முன்னால், பளிச்சென்று எரிகிற விளக்கைப் பார்த்து எரியவில்லை என்கிறார். தன் தப்பை மறைக்க என் தலையில் கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். "கண்ணு தெரியலைன்னா வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அத்தானும் மச்சானும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனாக்குறீங்களா?" என்று சொல்லிவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் தகவல் வந்தது. ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் அறைக்கு வர வேண்டும். தப்பு பெயின்டிலா, விளக்கிலா என்று சொல்ல வேண்டும்.

நான் அத்தானை இழுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வாளியில் மிச்சமிருந்ததை ஓர் அட்டையில் தடவினேன். டியூப்லைட்டுக்குக் கீழே கறுப்பு. அதே அட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்தேன். காய்ந்த ரத்தத்தின் சிவப்பு அதில் தெரிந்தது. மறுபடி உள்ளே கறுப்பு, மறுபடி வெளியே சிவப்பு. பச்சை டியூப்லைட்டில் சிவப்பு வெளிச்சமே மிகக் குறைவு, அதனால் திருப்பி அனுப்ப அந்தப் பெயின்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அப்போது உறைத்தது வேறொன்று.

"அத்தான், இது உள்ள எப்படி இருந்துச்சு?"

"கறுப்பா."

"இப்ப வெயில்ல?"

"கறுப்பாத்தான்டா இருக்கு. நீ ஏன் இப்படிப் போட்டுக் கொல்ற?"

என் சட்டைப் பையில் விளக்குக்கு முன்னால் வைக்கும் கண்ணாடித் தாள் துண்டுகள் எப்போதும் இருக்கும். கெட்டிச் சிவப்பை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

"இது என்ன கலர்?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். விடை என் முகத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

"நீயே சொல்லேன்" என்றார்.

"அத்தான்."

"இருட்டா இருக்கு. போதுமா?" தாளைத் தள்ளிவிட்டார். "எல்லாரும் சிவப்பு சிவப்புன்னு குதிக்கிறீங்க. எனக்கு அது எப்பவும் இருட்டாத்தான் தெரியும். சின்ன வயசுல, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பேரை மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். நானும் மனப்பாடம் பண்ணேன். ஆனா ஒவ்வொரு தடவையும் தப்பு என்னோடதாவே இருந்துச்சு."

வாளியைப் பார்த்தேன். சிவப்பில் கொஞ்சம் பச்சையும் நீலமும் விழுந்ததுமே அவருக்கு அது கறுப்பாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து, இன்னும் பச்சை வேண்டும் என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இவர் போதும் என்று கம்பைக் கழுவி வைத்துவிட்டார். வரிசையாகக் கிடந்த டின் மூடிகளில் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு வட்டம், ஒரு பெருக்கல் குறி. வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், சரக்குக் கணக்கு என்று நினைத்தேன்.

"இது யார் போட்டது?"

"உங்க அக்கா. புது டின்னு வந்தா சாப்பாடு கொண்டு வர்ற சாக்குல வந்து கீறிட்டுப் போவா. வெளியாளு கேக்குற டின்னை நான்தானே எடுத்துக் குடுக்கணும். ஒத்தைக் கோடு சிவப்பு. உள்ள போறது எதுன்னு அது சொல்லும். கலக்கி வர்றது எதுன்னு அது எப்படிச் சொல்லும்?"

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் ஒரு சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தனை வருஷமா தெரியும்?" என்றேன்.

"கல்யாணமாகி மூணாம் நாள்ல இருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் உன் கூடப்பிறந்தவன்தானே?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே லைட் போட்டுக் காட்டியிருப்ப" என்றாள். "மேடையில அத்தனை பேர் முன்னாடி கண்ணு தெரியலையான்னு கேட்டிருக்க. தெரியாம கேட்டதுக்கே இப்படி. தெரிஞ்சிருந்தா?"

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அப்படிப்பட்டவன்தான். பழத்துக்குப் பதில் காய் வாங்கி வந்ததை எத்தனை விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறேன்! அவர் தலையைக் குனிந்துகொண்டு கூடவே சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றேன்.

"எனக்கு எப்படிடா தெரியும்? அந்த வேலை கிடைக்கணும்னு ஒரு பக்கம் வேண்டிக்கிட்டு, கண் டெஸ்ட் வரக்கூடாதுன்னு இன்னொரு பக்கம் வேண்டிக்கிட்டு, நானே எதைக் கேட்குறேன்னு புரியாம கிடக்கேன்."

திரும்பி வரும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். தப்பு விளக்கில் என்று சொல்லிவிடுவது. பழைய கண்ணாடித் தாள், சாயம் வெளுத்துவிட்டது, அதனால் சுவரில் சிவப்பு தெறித்தது என்று ஏதாவது அளந்துவிட்டால், வாய்க்கு வந்தபடி நாலு திட்டு வாங்குவேன், அவ்வளவுதான். என் வேலைக்கு ஆபத்தில்லை. அவர் படிவம் போய்ச் சேர்ந்துவிடும். கண் டெஸ்டுக்கு அப்புறம் ஏதாவது வழி பார்க்கலாம். என்ன வழி என்று எனக்கே தெரியாது. அறைக்குள் போகுமுன் அவரிடம் இதைச் சொல்லவும் நேரமில்லை.

மேனேஜரம்மா மேஜையில் படிவம் விரித்தபடியே இருந்தது. இயக்குநர் ஜன்னலோரம் கைகட்டி நின்றார்.

"சொல்லுங்க. பெயின்டா, லைட்டா?"

"லைட்டுதான் மேடம்" என்றேன். "தாள் எல்லாம் பழசாயிடுச்சு. நான்தான் கவனிக்கல."

"இல்லீங்க" என்றார் அத்தான்.

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"அவன் எனக்காகச் சொல்றான். லைட்டு நல்லாத்தான் இருக்கு. பெயின்ட்தான் தப்பு, நான்தான் கலக்கினேன். எனக்குச் சிவப்பு தெரியாதுங்க. பிறந்ததுல இருந்தே தெரியாது."

இயக்குநர் கையை அவிழ்த்தார். மேனேஜரம்மா படிவத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"புரியலையே. நீங்க பெயின்டர். இருபத்திரண்டு வருஷமா..."

"கறுப்பு மட்டும்தானுங்க அடிச்சேன். மத்ததெல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கு ஒண்ணு தெரியுது. கறுப்பு ஒண்ணுதான் எனக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அதனாலதான் அதைப் பிடிச்சுக்கிட்டேன். இப்ப அதுக்குள்ளயும் சிவப்பு இருக்குமாம். மச்சான் சொல்றான். எனக்கு ஒண்ணும் விளங்கல மேடம்."

அவர் அழவில்லை.

மேனேஜரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மிச்சத்தைக் கலக்கச் சொன்னது நான்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எங்களிடம் சொன்னார். நிரந்தர வேலை என்றால் பெயின்ட் மட்டுமில்லை. சிவப்பு ஒயர், பச்சை ஒயர் எல்லாம் பார்க்க வேண்டும். டாக்டர் நிறம் தெரிகிறதா என்று சோதிக்கிற புள்ளிப் படத்தை விரித்து வைத்து அதில் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்.

"தெரியாம இருந்திருந்தா அனுப்பியிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே எப்படிக் கையெழுத்துப் போடுறது? என் கையில இல்லைங்க."

படிவத்தை நாலாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். தினக்கூலி வேலை எப்போதும்போல உண்டு, இனிமேல் சீல் பிரிக்காத டின்தான், நாளை மதியத்துக்குள் சுவர் கறுப்பாக வேண்டும் என்றார். "சரிங்க மேடம்" என்றார் அத்தான்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு அத்தான் உளறினீங்க? நான்தான் சமாளிச்சேன்ல?"

"இன்னிக்குச் சமாளிப்ப. நாளைக்கு?" என்றார். "நான் சொன்னேன்னு உங்க அக்கா வருத்தப்படுவாளாடா?"

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அக்கா விஷயத்தைக் கேட்டதும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இனிமே மூடியில கீற வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே முதல் பூச்சு. மறுநாள் காலையில் இரண்டாவது. முழங்கால் வலியோடு ஏணியில் நின்றார், அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் கூடமாட டின்களைத் தூக்கிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு நான் செய்த முதல் எடுபிடி வேலை அது. சீல் பிரித்த புதுக் கறுப்புதான், இருந்தும் ஒவ்வொரு டின்னையும் பின்வாசலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார். கறுப்பு என்று நான் வந்து சொன்ன பிறகும் அரைமனதாகவே தூரிகையை முக்கினார். தன் கறுப்பின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

பதினோரு மணிக்குச் சுவர் காய்ந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தார். டார்ச்சை ஒட்டிப் பிடித்து நடந்து வந்தார். பிறகு மேடை நடுவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "போடு" என்றார்.

மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எட்டுச் சிவப்பையும் ஏற்றினேன். அவர் சட்டையின் முதுகு சிவந்தது. பக்கத்தில் நின்ற அக்காவின் கை, முகம் எல்லாம் சிவந்தது.

"போட்டுட்டியா?"

"போட்டிருக்கேன் அத்தான். எட்டும் எரியுது."

"சுவர் எப்படித் தெரியுது?"

நான் மேடைக்கு இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"ஒண்ணுமே தெரியல."

"எனக்காகச் சொல்லாதடா."

"அக்கா மேல சத்தியமா ஒண்ணுமே தெரியல. சுவர் இருக்கிறதே தெரியல."

அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு?"

"எனக்கும் தெரியலங்க."

முன்பு அவர் அடித்த கறுப்புகளும் எங்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வார்.

"எனக்கும் அதேதான்டா மச்சான்" என்றார். "அப்படியே அதேதான்."

சொல்லிவிட்டு மேடைத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எரியட்டும் என்று கையைக் காட்டினார்.